ஆனந்தவல்லி கண்டுபிடித்த காரணம்

இராஜாங்கம் வீட்டுக்குள் காப்பி வந்தது விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்துதான். அதற்கு முன்னால் அந்த வீட்டில் விடிந்ததும் நீராகாரம், வெயில் ஏறினால் மோர், அவ்வளவுதான். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் குத்தகைக்காரர்கள் வீடெல்லாம் அப்படித்தான். காப்பி என்பது மிராசுதார் வீட்டுக் கொல்லைப் பக்கம் போனால் மணக்கிற ஒரு சாமான்.

கழக ஆட்சி வந்து கொஞ்ச காலத்தில் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. உழுகிறவன் பெயர் சர்க்கார் பதிவில் ஏறிவிட்டால் அவனை நிலத்தை விட்டு லேசில் கிளப்ப முடியாது என்றார்கள். இராஜாங்கம் அப்பா காலத்திலிருந்து மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தவன். அவனும் தம்பி பஞ்சநதமும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் சேர்ந்து பார்த்தார்கள். பெயரைப் பதிய வேண்டும் என்று ஊரில் முதலில் எழுந்து நின்றவன் இராஜாங்கம். அதோடு விடவில்லை. தெற்குத் தெருவில் கூலிவேலை செய்கிறவர்கள் அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டபோது, அவர்களுடைய தலைவர் வீரையனைத் தன் வாசலுக்கே கூட்டிவந்து பெஞ்சு போட்டு உட்காரவைத்தான்.

கடைத்தெருவில் வீரையனுக்குத் தனிக் குவளை. தெருவில் நின்றபடி குடித்துவிட்டு, அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். இராஜாங்கம் மன்னார்குடிக்குப் போய் எவர்சில்வர் டம்ளர்களும் ஒரு பித்தளை பில்டரும் காப்பித்தூளும் வாங்கிவந்து மனைவி ஆனந்தவல்லியிடம் கொடுத்தான்.

“இது யாருக்கு, அது யாருக்குன்னு டம்ளர்ல குறி எதுவும் வைக்கக் கூடாது வல்லி. கையில வந்தத எடுத்துக் குடு.”

“எனக்குக் காப்பி போடத் தெரியாதே.”

“எனக்கும்தான் தெரியாது. கத்துக்குவோம்.”

கற்றுக்கொண்டார்கள். தூள் விற்ற கடைக்காரர் மீரா உசேன் பாய், தண்ணீரை எப்படி ஊற்ற வேண்டும், எவ்வளவு நேரம் இறங்கவிட வேண்டும் என்றெல்லாம் இராஜாங்கத்திடம் சொல்லி அனுப்புவார். அவன் பாதியை மறந்துவிட்டு மீதியை மனைவிக்குச் சொல்வான். முதல் வாரம் போட்ட காப்பியை வீரையன் ஒரு வாய் குடித்துவிட்டு, “கஷாயம் நல்லாருக்கு தங்கச்சி, சளிக்குக் கேக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சநதம் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவன் மனைவி நாகம்மாள் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று. ஆனந்தவல்லி அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள். சங்கத்துப் பேச்சு அவளுக்கு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தன் வாசலில் ஆட்கள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

புரட்டாசியில் அது முடிந்தது. சம்பா நட்டு வேர் பிடிக்கிற நேரம். விடியற்காலையில் தண்ணீர் திருப்பப் போன இராஜாங்கத்தை வாய்க்கால் மடையருகே மடக்கி அடித்துப்போட்டார்கள். பின்னாலேயே மண்வெட்டியோடு போன பஞ்சநதம், அண்ணன் சேற்றில் கிடப்பதையும் இரண்டு பேர் கரையேறி ஓடுவதையும் பார்த்தான். இரண்டு பேருமே மிராசுதாரின் ஆட்கள். அவனுக்கு முகம் தெரிந்தவர்கள். அண்ணனை வண்டியில் போட்டு மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவன் யாருக்கும் பயப்படவில்லை. போலீசிடம் இரண்டு பெயரையும் சொன்னான். வழக்கு அவன் ஒருவன் சாட்சியில்தான் நின்றது.

துக்கம் கேட்க ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சங்கத்துக்காரர்கள், வக்கீல், கட்சிக்காரர்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனந்தவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. காப்பி மட்டும் இறங்கியது. அதுவரை ஆட்களுக்குக் கொடுத்து மிஞ்சினால் ஒரு வாய் குடிப்பவள், இப்போது ஒவ்வொரு தடவையும் தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

அது உதவியது என்பதுதான் உண்மை. முதல் வாரங்களில் அந்த டம்ளர் இல்லாவிட்டால் அவளால் எழுந்து மகள் கயல்விழிக்குத் தலை வாரிவிட்டிருக்க முடியாது. ஒரு டம்ளர் உள்ளே போனதும் உடம்பில் ஏதோ ஏற்றிக் கட்டினாற்போல இருக்கும். வாசலுக்கு வந்தவர்களிடம் பேச முடியும். வக்கீல் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும். கொஞ்ச நேரம் கழித்து அது இறங்கும். இறங்கும்போது, அது ஏறுவதற்கு முன்னால் இருந்ததைவிடக் கீழே கொண்டுபோய் விடும். அப்போது இன்னொரு டம்ளர்.

தை அறுவடை முடிவதற்குள் அவள் உடம்பு பாதியாகிவிட்டது. பசுவின் பால் வற்றிய பிறகு கறுப்புக் காப்பியில் வெல்லம் போட்டுக் குடித்தாள். பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அடுப்பு எரிந்தது. தூக்கம் அறவே போயிற்று. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரோ துரத்தி, ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதைப் போல அடித்துக்கொள்ளும். விரல்கள் நடுங்கின. வாசலில் மாடு செருமினால் தூக்கிவாரிப் போட்டது. கயல்விழி சாப்பாட்டுக்கு நாகம்மாள் அடுப்புக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

“அம்மா என்னயவே பாத்துக்கிட்டு இருக்கு சித்தி. கண்ணச் சிமிட்டவே மாட்டேங்குது” என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் சொன்னது.

நாகம்மாள் வந்து பார்த்தாள். “அக்கா, ரெண்டு வாய் சாப்புடுங்க. காப்பிய விடுங்க.”

“இது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு. இதையும் புடுங்கிக்கப் பாக்குறியா?”

நாகம்மாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அடுப்புக்குப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஆனந்தவல்லிக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது பயம் போலவே இருந்தது. பயம் என்றால் பயப்பட ஏதோ ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அவள் அதைத் தேட ஆரம்பித்தாள். யார்? எது? எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

அந்தச் சமயத்தில்தான் மிராசுதார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் ஒருத்தி குளத்துப் படித்துறையில் வைத்து அவளிடம் ஒரு செய்தியைச் சொன்னாள். “ஒங்க கொழுந்தனாரு, அந்தக் கொலை நடந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க பண்ண வீட்டுக்கு வந்துட்டுப் போனாரு. ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. பஞ்சநதம் அதை வீட்டில் சொன்னதே இல்லை.

நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒரு பெண் அந்தச் செய்தியை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, “ஏன் தம்பி போனீங்க?” என்று கேட்டிருப்பாள். ஆனந்தவல்லி கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் அது வளர்ந்தது. பஞ்சநதம் ஏன் அன்றைக்குக் கொஞ்சம் பின்தங்கிப் போனான்? அவனை மட்டும் ஏன் அடிக்கவில்லை? நிலத்தில் இனி அவன் பெயர்தானே ஏறும்? கயல்விழியை ஏன் அவர்கள் அடுப்புக்கு இழுக்கிறார்கள்? எல்லாம் சரியாகப் பொருந்தியது. இவ்வளவு நாள் நெஞ்சு எதற்காக அடித்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது.

அதன் பிறகு பஞ்சநதம் முற்றத்தில் நடந்தால் அவள் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவன் ஒன்றும் புரியாமல் நிற்பான். அண்ணி துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் பங்கு நெல்லை அளந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவான்.

வழக்கு தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. பஞ்சநதம் சாட்சிக் கூண்டில் திடமாகவே நின்றான். அடித்தவர்கள் இரண்டு பேரையும் கைகாட்டினான். எதிர்த்தரப்பு வக்கீலால் அவனை அசைக்க முடியவில்லை. கொலைக்கு முந்தின நாள் மிராசுதார் வீட்டுக்குப் போனாயா என்று கேட்டபோது மட்டும் அவன் தடுமாறினான். “சமாதானம் பேசப் போனேன்” என்றான். வக்கீல் அதற்குமேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஆனந்தவல்லி. கணவனுக்கும் மிராசுதாருக்கும் பகை இருந்தது என்பதை மட்டும் சொல்ல அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அன்று காலையில் ரயில் ஸ்டேஷன் அருகே ஒரு காப்பி கிளப்பில் அடுத்தடுத்து வாங்கிக் குடித்த காப்பியைத் தவிர வேறொன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

“ஒங்க கொழுந்தனார் மிராசுதார் வீட்டுக்குப் போனது அப்பவே ஒங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

“சொல்லல. மறைச்சுட்டாரு.”

“ஏன் மறைச்சாரு?”

அவள் பஞ்சநதத்தைப் பார்த்தாள். சுவரோரம் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அவருதான் காட்டிக் குடுத்தது” என்று ஆனந்தவல்லி கத்தினாள். “கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டு இங்க வந்து சாட்சி சொல்றாரு! நெலத்துக்காகத்தான்! எல்லாம் நெலத்துக்காகத்தான்!”

சர்க்கார் வக்கீல் எழுந்து என்னென்னவோ சொன்னார். பயன் இல்லை. செத்தவனின் மனைவியே நம்பாத சாட்சியை நீதிமன்றம் எப்படி நம்பும்? சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தார்கள். அந்த இரண்டு பேரும் மாலையோடு ஊருக்குள் வந்தார்கள். மிராசுதார் வீட்டு வாசலில் வெடி வைத்தார்கள்.

பஞ்சநதம் தஞ்சாவூரிலிருந்து வந்து இரண்டொரு நாள் வீட்டில் இருந்தான். ஒரு காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, நாகம்மாளிடம், “வயலப் பாத்துக்க. வீரையன் ஒத்தாசைக்கு வருவாரு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டியில் மூட்டை தூக்குகிறான் என்று பிறகு தெரிந்தது.

ஆனந்தவல்லி அதன் பிறகும் அமைதியாகவில்லை. எதிரி என்று அவள் நினைத்தவன் போய்விட்டான். நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அவள் நாகம்மாளைப் பார்க்க ஆரம்பித்தாள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறாள் என்று பிள்ளையின் தட்டைத் தட்டிவிட்டாள். சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றாள்.

மன்னார்குடியில் தூள் வாங்கப் போனபோது மீரா உசேன் பாய் அவளையே பார்த்தார்.

“போன வாட்டி வாங்கினது அதுக்குள்ள தீந்துபோச்சாம்மா? வீட்ல இப்ப கூட்டமெல்லாம் இல்லையே.”

“நான் குடிக்கிறேன்.”

“நீங்க ஒருத்தரா?”

அவள் கையை நீட்டினாள். கை நடுங்கியதையும் கண்களையும் பார்த்துவிட்டு அவர், “தூள் இல்லம்மா” என்றார். பின்னால் தகர டின்கள் நிறைய இருந்தன. அவள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஊருக்கு வந்து நாகம்மாளைப் பார்த்தார்.

“நாகூர்ல எங்க அக்கா ஜன்னத் பீவி இருக்கு. தர்காவுக்கு வர்றவங்களுக்கு ரூம் விடுது. இந்த மாதிரி நெறய பேரப் பாத்திருக்கு. கூட்டிட்டுப் போங்க. அங்க ஒரு நல்ல டாக்டரும் இருக்காரு.”

தன் புருஷனை ஊரை விட்டு ஓடவைத்தவளைத்தான் நாகம்மாள் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போனாள். பஸ்ஸில் ஒருத்தி ஜன்னலோரம், ஒருத்தி கம்பியோரம், நடுவில் கயல்விழி.

ஜன்னத் பீவி பருத்த உடம்பும் உரத்த குரலும் உள்ளவர். ஆனந்தவல்லியைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “சோறு எப்ப சாப்புட்ட?” என்பதுதான். அவளுக்கு நினைவில்லை. ஜன்னத் பீவி கஞ்சி வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தட்டிவிட்டதும் கோபப்படாமல் தரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு கிண்ணம் கொண்டுவந்தார்.

டாக்டர் ஜெக்கரியா நரைத்த மீசைக்காரர். நாடி பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நாகம்மாளிடமும் கயல்விழியிடமும் வெகுநேரம் விசாரித்தார். பிறகு மருந்து எழுதிக் கொடுத்தார். காப்பியை ஒரேயடியாக நிறுத்தாமல், குறைத்துக் குறைத்துக் கொஞ்ச நாளில் விட்டுவிடச் சொன்னார்.

அந்த நாட்கள் கொடுமையாக இருந்தன. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அறைகிறாற்போலத் தலைவலி. கைகால் ஈரச்சாக்காகக் கனத்தது. ஒரு டம்ளர், ஒரே ஒரு டம்ளர் என்று ஜன்னத் பீவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு தலைவலி விட்டது. ஒரு மத்தியானம் கடற்காற்று அடிக்கிற அந்த அறையில் சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஜன்னத் பீவி வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களையெல்லாம் வாயில் விரல் வைத்து அடக்கினார். அவள் எழுந்தபோது மறுநாள் தர்காவில் காலை முரசு அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்ததும் அவளுக்குத் தோன்றிய முதல் விஷயம், இராஜாங்கம் செத்துப்போய்விட்டான் என்பது. வருஷம் ஒன்று கழிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் அது அவளிடம் வந்து சேர்ந்தது. அதுவரை அவள் பயந்தாள், கோபப்பட்டாள், காவல் காத்தாள். அழவில்லை. இப்போது பாயில் சுருண்டு, கணவனுடைய பெயரைச் சொல்லி அழுதாள். நாகம்மாள் கதவுப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

இரண்டாவதாகத் தோன்றியது பஞ்சநதம். அது நினைவுக்கு வந்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது.

“நான் கோர்ட்டுல என்ன சொன்னேன்?” என்று கேட்டாள்.

“ஒங்களுக்கே தெரியும்” என்றாள் நாகம்மாள்.

டாக்டரிடம் ஆனந்தவல்லி தானாகவே கேட்டாள். “எனக்குப் புடிச்சது பைத்தியமாங்க?”

“அப்படிச் சொல்ல மாட்டேம்மா. துக்கத்துல தூக்கம் போறது வழக்கம்தான். கொஞ்ச நாள்ல தானா திரும்பி வரும். நீங்க அது வர்ற வழிய அடைச்சுட்டீங்க. காப்பி மட்டும் இதச் செஞ்சிடுச்சுன்னு நான் சொல்லல. பட்டினி, துக்கம், தூக்கமில்ல, அதுக்கு மேல வெறும் வயித்துல நாள் பூரா காப்பி. நெஞ்சு அடிச்சுக்கத்தான் செய்யும். நெஞ்சு அடிச்சா மனசு சும்மா இருக்காதும்மா. எதுக்கு அடிக்குதுன்னு ஒரு காரணம் தேடும். எதிர்ல இருக்கிற ஆளப் புடிச்சுக்கும்.”

“அப்போ அவரு ஒண்ணும் செய்யல.”

“அது எனக்குத் தெரியாது. நீங்க கண்டுபிடிச்ச விதம் சரியில்லைன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

ஊருக்குத் திரும்பி, கொஞ்சம் தெம்பு வந்ததும் ஆனந்தவல்லி கும்பகோணத்துக்குப் புறப்பட்டாள். நாகம்மாள் வரவில்லை. “நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. வந்தா சரி” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், பஞ்சநதத்தின் துவைத்த வேட்டி ஒன்றை எடுத்துவந்து பையில் வைத்தாள்.

மண்டியில் வெற்றிலைக் கட்டுகள் மலையாக ஈரச்சாக்குக்கு அடியில் கிடந்தன. பஞ்சநதம் கறுத்து மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டால் ஒரு பலகையைத் துடைத்தான்.

“வாங்க அண்ணி. ஒக்காருங்க. ஒடம்பு பரவால்லையா? கயலு படிக்குதா?”

அவன் அப்படிக் கேட்டதை அவளால் தாங்க முடியவில்லை. வயதில் மூத்தவள் என்பதையும் பார்க்காமல் அவன் காலில் குனிந்தாள். அவன் பதறிப் பின்னால் நகர்ந்தான்.

“அய்யோ, என்னண்ணி இது! எந்திரிங்க, எந்திரிங்க.”

“நான் தெளிவா இல்ல தம்பி. தூக்கமில்லாம, சாப்புடாம, அந்தக் காப்பிய ஊத்தி ஊத்தி என் புத்தி பிசகிப்போச்சு. டாக்டரே சொன்னாரு. இல்லாதத இருக்குதுன்னு நெனச்சுட்டேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்கு வாங்க. நாகு ஒத்தையில கெடக்குது.”

பஞ்சநதம் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெற்றிலைத் துணுக்கைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தான்.

“இல்லாதது இல்ல அண்ணி.”

“என்ன சொல்றீங்க?”

“நான் அங்க போனேன். அண்ணன விட்டுடுங்க, பதியிறத ஒரு போகம் தள்ளிப்போடச் சொல்றேன்னு கெஞ்சத்தான் போனேன். மிராசுதாரு நல்லாத்தான் பேசுனாரு. ஒக்காரச் சொன்னாரு. காலையில நானே வந்து ஒங்க அண்ணன்கிட்ட பேசுறேன், எங்க இருப்பான்னு கேட்டாரு. விடியறப்ப மடையில தண்ணி திருப்பிக்கிட்டு இருப்பாருன்னு சொன்னேன்.”

ஆனந்தவல்லி கொண்டுவந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான்தானே சொன்னேன் அண்ணி? இந்த வாயாலதானே? அன்னிக்கு நான் மாட்டப் புடிச்சுக் கட்டிட்டுக் கொஞ்சம் தாமசமா போனேன். மிராசுதாரு பேச வருவாரு, நாம ஏன் நடுவுல நிக்கணும்னு நெனச்சுத்தான் தாமசமா போனேன். நீங்க கோர்ட்டுல கத்துறதுக்கு முன்னாடியே அந்த வார்த்தை என் காதுல கேட்டுக்கிட்டுத்தான் இருந்திச்சு. நீங்க வெளிய சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்.”

“தெரியாம சொன்னது தம்பி அது. பெரிய மனுசன் பேச வர்றேன்னு சொன்னா யாரா இருந்தாலும் சொல்லத்தான் செய்வாங்க. நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.”

“எனக்காகச் சொல்றீங்க.”

“என் புருஷன் மேல சத்தியமா சொல்றேன்.”

பஞ்சநதம் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பதைப்போல வாய் கோணியது.

“அன்னிக்கும் சத்தியம் பண்ணித்தான் சொன்னீங்க அண்ணி.”

ஆனந்தவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் எப்போது சொன்னதை அவன் நம்ப வேண்டும்? நெஞ்சு அடித்துக்கொண்டபோது சொன்னதையா, அடங்கிய பிறகு சொல்வதையா? அவன் இரண்டில் தனக்கு முன்பே தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டான்.

“ஒங்களுக்காவது டாக்டர் காரணம் சொன்னாரு” என்று எழுந்தான். “என் நெஞ்சு காப்பியால அடிச்சுக்கல.” மண்டிக்காரர் உள்ளே இருந்து கூப்பிட்டார். அவன் வேட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான். “நாகுகிட்ட, வர்றேன்னு சொல்லுங்க. கொஞ்ச நாள் போகட்டும்.”

பஸ்ஸில் திரும்பும்போது கொரடாச்சேரி வரைக்கும் அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வர்றேன்னு சொல்லுங்க.

நாகம்மாளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மிராசுதார் கேட்டது, பஞ்சநதம் சொன்னது, எதையும் மறைக்கவில்லை. நாகம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், “இத என்கிட்டகூட சொல்லல” என்றாள். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு இரண்டு பேருமாகக் கும்பகோணம் போனார்கள். மண்டியில் பஞ்சநதம் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன ஒரு லாரியில் கூடப் போனான், லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை என்றார் மண்டிக்காரர். எந்த ஊரில் இறங்கினான் என்று டிரைவருக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இறங்கினான் என்றான், அதுவும் யோசித்து யோசித்து. வீரையன் சங்கத்துக்காரர்கள் மூலமாக விழுப்புரம், வேலூர் என்று தேடச் சொன்னார். போலீசிலும் சொல்லிவைத்தார்கள். அவனைப் போல ஒருவனைப் பார்த்ததாக இடையிடையே யாராவது வந்து சொல்வார்கள். போய்ப் பார்த்தால் வேறு ஆளாக இருக்கும்.

குத்தகை பதிவாயிற்று. ஆனந்தவல்லி தாசில்தாரிடம் சொல்லித் தன் பெயரோடு நாகம்மாள் பெயரையும் சேர்த்தே எழுதவைத்தாள். நாகம்மாள் அதற்கு நன்றியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு அடுப்பு ஒரே அடுப்பாயிற்று. கயல்விழிக்குத்தான் அதில் சந்தோஷம். ஆனந்தவல்லி ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காகத் தூங்கினாள். காப்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தி தெளிந்திருந்ததால் எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் குறுவை நடவின்போது ஒரு முற்பகலில், நட்ட பெண்கள் கஞ்சி குடிக்கக் கரையேறிய நேரம், ஆனந்தவல்லியும் நாகம்மாளும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நாகம்மாள் கழுத்துத் தாலிக்கயிறு வேர்வையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. அதை மாற்ற வேண்டும் என்று ஆனந்தவல்லி பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தயக்கமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

“கயிறு பழசாயிடுச்சு நாகு. ஆடிப்பெருக்கு வருது. ஆத்தங்கரையில புதுசு மாத்திக்க.”

நாகம்மாள் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“மாத்தலாமாக்கா?”

“ஏன் மாத்தக் கூடாது?”

“ஒங்களுக்கு அவுத்துட்டாங்க. அன்னிக்கு நீங்க அழலேன்னாலும், அவரு இல்லேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.” அவள் குரல் உயரவில்லை. “எனக்குத்தான் புதுசு கட்டிக்கிறதா அவுத்துடுறதான்னு தெரியல. எப்ப தெரியும்னு சொல்லுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

நடவுப் பெண்கள் கை கழுவிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்க ஆரம்பித்தார்கள். நாகம்மாள் கயிற்றை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகி, நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஆனந்தவல்லியும் எழுந்து அவளுக்குப் பக்கத்து வரிசையில் இறங்கினாள்.